டிவி சிக்னல்: அனலாக் போய் டிஜிட்டல் வந்தது ஏன்?

கம்ப்யூட்டர் பற்றிச் சந்தேகம் கேட்க வருபவர்கள், போகும்போது டிவியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். “செட் டாப் பாக்ஸ் வைத்த பிறகு படம் பளிச்சென்று இருக்கிறது, சரி. ஆனால் திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. பழைய கேபிளில் படம் சுமாராக இருந்தாலும் நிற்காதே?” என்பது அதில் ஒன்று. “நாங்கள் யாரும் கேட்கவில்லையே, ஏன் எல்லோரையும் கட்டாயமாக மாற்றினார்கள்?” என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். அனலாக் சிக்னல் எப்படி வேலை செய்தது, டிஜிட்டல் சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும்தான், பயப்பட வேண்டாம்.

அலையே படம்

இந்தியாவில் அனலாக் டிவிக்குப் பயன்பட்டது ‘பால்’ என்ற முறை. குடிக்கும் பால் அல்ல, மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். இந்த முறையில் ஒரு படம் 625 கோடுகளாகப் பிரிக்கப்படும். ஒரு விநாடிக்கு 25 படங்கள். அதாவது விநாடிக்கு 15,625 கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் இடமிருந்து வலமாக வெளிச்சம் எப்படி மாறுகிறதோ, அதற்கு ஏற்ப சிக்னலின் அளவும் மாறிக்கொண்டே வரும். டிவி பெட்டி அந்த ஏற்ற இறக்கத்தை வந்த வேகத்திலேயே பிக்சர் ட்யூபில் வரைந்துவிடும். ஒரு முழுப் படத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் மெமரி எதுவும் அந்தக் காலத்துப் பெட்டியில் தேவைப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே அலையின் வடிவமே படம். அலையில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். நிறையக் கலந்தால் எறும்பு ஓடும். பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு தாமதமாக வந்து சேர்ந்தால், ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல் முகம் தெரியும். கெடுதல் எவ்வளவோ, படத்தில் தெரிவதும் அவ்வளவுதான். முற்றிலும் அழிந்துபோக நிறைய நேரம் பிடிக்கும்.

1980களில் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலும் தென் மாவட்டங்களிலும் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்ப்பதற்கென்றே உயரமான இரும்புக் குழாயில் ஆண்டெனாவும் பூஸ்டரும் கட்டி வைத்தார்கள். கடல் தாண்டி வரும் சிக்னல் எப்படி இருக்கும்? பாதிப் படம், பாதிப் புள்ளி. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து “இப்ப வருது, நிறுத்து!” என்று கத்துவார். ஆனாலும் யார் பேட் செய்கிறார், பந்து எங்கே போகிறது என்பது தெரியும். நம் கண்ணும் மூளையும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே படத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். டிஜிட்டலில் இந்த மாதிரி அரைகுறைப் படம் என்ற ஒன்று இல்லை. ஏன் இல்லை என்று பார்ப்போம்.

ஒரு சிடியில் 35 விநாடி

டிஜிட்டல் என்றால் படத்தை எண்களாக மாற்றுவது. அந்த எண்கள் எவ்வளவு இடம் பிடிக்கும்? நம் சாதாரணத் தரப் படத்துக்கு 720 × 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. விநாடிக்கு 25 படங்கள், ஒரு புள்ளிக்கு 16 பிட் என்று வைத்தால் விநாடிக்குச் சுமார் 166 மெகாபிட், அதாவது 20 மெகாபைட்டுக்கும் கொஞ்சம் அதிகம். 700 எம்பி சிடி ஒன்றில் இந்தப் படத்தை அப்படியே பதிந்தால் 35 விநாடி பார்க்கலாம். விளம்பரம் ஒன்று முடிவதற்குள் சிடி தீர்ந்துவிடும்.

இதைச் சுருக்கினால் மட்டுமே அனுப்ப முடியும். சுருக்கும் வேலையைச் செய்வது எம்பெக் முறை. கேபிளிலும் டிடிஎச்சிலும் முதலில் வந்தது எம்பெக்-2. டிவிடியில் இருப்பதும் அதுவே. பின்னர் எம்பெக்-4 வந்தது.

செய்தி வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சுவரும் முன்னால் இருக்கும் மேசையும் அசைவதே இல்லை. உதடும் கண்ணும் மட்டும் அசைகின்றன. அப்படியிருக்க விநாடிக்கு 25 முறை அந்தச் சுவரை ஏன் அனுப்ப வேண்டும்? எம்பெக் முதலில் ஒரு முழுப் படத்தை அனுப்பும். அதன் பிறகு வரும் படங்களில் எது மாறியது, எந்தப் பகுதி எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற தகவலை மட்டும் அனுப்பும். 12 படத்துக்கு ஒருமுறை, சுமார் அரை விநாடிக்கு ஒருமுறை, மறுபடி ஒரு முழுப் படம் வரும். எம்பெக்-2 முழுப் படத்தையும் 8 × 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நம் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். படம் உடையும்போது நீங்கள் பார்க்கும் கட்டங்கள் வேறெங்கிருந்தும் வருவதில்லை, இவைதான்.

ரிமோட்டில் சேனல் மாற்றினால் பழைய டிவியில் உடனே மாறும், செட் டாப் பாக்ஸில் ஒரு கணம் கறுப்பாக நிற்கும். அதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவே. அடுத்த முழுப் படம் வரும்வரை பாக்ஸ் காத்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் எதிர்வீட்டில் முதலில் சத்தம் கேட்பதும் இந்தக் குடும்பத்துத் தொல்லைதான். சுருக்கவும் விரிக்கவும் சேர்த்து வைக்கவும் ஒவ்வொரு வழியிலும் ஆகும் நேரம் வேறு வேறு. இன்டர்நெட் வழியாகப் பார்ப்பவருக்கு இது இன்னும் அதிகமாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு 166 மெகாபிட் சுமார் 4 மெகாபிட்டாக இறங்கிவிடுகிறது. நாற்பதில் ஒரு பங்கு!

ஒரு சேனல் இருந்த இடத்தில் ஒன்பது

கேபிளில் ஒரு அனலாக் சேனலுக்கான இடத்தில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், எத்தனை மெகாபிட் அனுப்பலாம் என்பது அடுத்த கணக்கு. டிஜிட்டல் கேபிளில் அலையை 64 விதமான நிலைகளில் ஒன்றில் வைத்து அனுப்புகிறார்கள். 64 நிலை என்றால் ஒவ்வொரு முறையும் 6 பிட். விநாடிக்கு 68,75,000 முறை இப்படி மாற்றுவது வழக்கம். பெருக்கினால் 41.25 மெகாபிட். இதில் பிழை திருத்தத்துக்கான பங்கைக் கழித்தால் 38 மெகாபிட் மிஞ்சும். ஒரு சேனலுக்கு 4 என்று வகுத்தால் 9 சேனல். நேற்று வரை ஒரே ஒரு சேனல் போன ஒயரின் இடத்தில் ஒன்பது சேனல் போகிறது. எம்பெக்-4 என்றால் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிஜிட்டல் என்றாலே தெளிவு என்று விளம்பரம் செய்தார்கள். அது பாதி உண்மை. ஒன்பது சேனல் வைக்க வேண்டிய இடத்தில் பதினைந்தைத் திணிக்கவும் முடியும். ஒவ்வொன்றின் பங்கும் குறையும், அவ்வளவுதான். செய்தி வாசிப்பவர் அப்போதும் நன்றாகவே தெரிவார். ஆனால் நீர்வீழ்ச்சி, கூட்டம், மைதானத்துப் புல் போன்ற காட்சி வந்தால் பச்சைக் குழம்பு மாதிரி ஆகிவிடும். அப்படி வந்தால் உங்கள் டிவியைக் குறை சொல்லாதீர்கள். அனுப்புகிற இடத்திலேயே கஞ்சத்தனம் நடந்திருக்கிறது.

படம் ஏன் ஒரேயடியாக நிற்கிறது?

பிழை திருத்தம் என்று மேலே சொன்னேன் அல்லவா? 1960ல் ஐர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. நம் டிஜிட்டல் டிவியில் 188 பைட் தகவலுடன் 16 பைட் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டு 204 பைட்டாக அனுப்பப்படும். வழியில் 8 பைட் வரை கெட்டுப்போனாலும், எது கெட்டது, சரியானது எது என்று பாக்ஸ் கண்டுபிடித்து முழுதாகத் திருத்திவிடும். கீறல் விழுந்த ஆடியோ சிடி பாடுவதும் இதே குடும்பத்து முறையால்தான்.

எட்டு பைட் கெட்டால் படத்தில் ஒரு குறையும் தெரியாது. ஒன்பதாவது கெட்டால்? திருத்த முடியாது, அந்தப் பாக்கெட் முழுவதும் வீண். அது முழுப் படத்தின் ஒரு பகுதியாக இருந்துவிட்டால், அதை நம்பி வரும் அடுத்த பதினோரு படமும் சேர்ந்து கெடும். அதனால்தான் நேற்று வரை அருமையாக இருந்த படம் இன்று காலை ஒரேயடியாகப் போய்விடுகிறது. உண்மையில் சிக்னல் பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கும். அனலாக்கில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கும், கேபிள்காரரைக் கூப்பிட்டிருப்போம். டிஜிட்டலில் பிழை திருத்தம் அதை மறைத்து வைத்து, கடைசி நாளில் கையை விரித்துவிடுகிறது. இதைப் பாறை விளிம்பு என்கிறார்கள். ஓரம் வரை சமதளம், அடுத்த அடி பள்ளம்.

இது வீட்டுக்கு வீடு தெரியும் தொல்லை மட்டும் அல்ல. அமெரிக்காவில் நாடு முழுவதும் மாற்றுவதற்கு முன், 2008 செப்டம்பர் 8 அன்று வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் மட்டும் மாற்றிச் சோதித்தார்கள். அங்கே ஒரு நிலையத்தின் பழைய அனலாக் சிக்னல் எட்டிய தூரத்துக்குப் புதிய டிஜிட்டல் சிக்னல் எட்டவில்லை. ஓரத்தில் இருந்து புள்ளியோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சேனலே இல்லாமல் போயிற்று.

அவசரம் யாருக்கு?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நல்ல படம் வேண்டும் என்றால் வேண்டியவர் மட்டும் மாறிக்கொள்ளலாமே, எதற்குச் சட்டம்? என் கருத்தில், படத்தின் தெளிவு இந்த மாற்றத்துக்கு முதல் காரணமே அல்ல. வெளிநாடுகளில் காரணம் காற்றில் இருக்கும் இடம். நம் நாட்டில் காரணம் கணக்கு.

அமெரிக்காவைப் பாருங்கள். டிவி நிலையங்கள் பிடித்து வைத்திருந்த 52 முதல் 69 வரையிலான சேனல்களின் இடம், அதாவது 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரை, டிஜிட்டலுக்கு மாறினால் காலியாகும். இந்த அலைகள் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வரக்கூடியவை. செல்போன் கம்பெனிகளுக்கு இது பொன் விளையும் பூமி. காலியாவதற்கு முன்பே, 2008ல், இதில் ஒரு பெரும் பகுதியை ஏலம் விட்டார்கள். கிடைத்தது சுமார் 1,900 கோடி டாலர். பின்னர் அங்கே 4ஜி ஓடியது இந்த இடத்தில்தான். இன்னொரு பகுதி போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது.

பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெட்டி வாங்க 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள், வீட்டுக்கு இரண்டு. 2009 பிப்ரவரி 17 என்று நாள் குறித்திருந்தார்கள். ஆனால் ஜனவரியிலேயே கூப்பன் திட்டத்தின் நிதி வரம்பு தீர்ந்து, மக்கள் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். அதனால் ஜூன் 12க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஹவாய் தீவுகள் மட்டும் முந்திக்கொண்டு ஜனவரி 15லேயே மாறிவிட்டன. அங்கே எரிமலைச் சரிவில் இருந்த பழைய கோபுரங்களை, ஓர் அரிய கடற்பறவை கூடு கட்டும் பருவத்துக்கு முன் அகற்ற வேண்டியிருந்ததாம்! ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று அனலாக்கை நிறுத்தியது. அந்த ஆண்டு மார்ச்சில் நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே பெரும்பாலோர் டிவி பார்த்தது ஆண்டெனாவில் அல்ல, கேபிளில். ஒயருக்குள் ஓடும் அலைக்கு ஏலம் கிடையாது. ஆனால் வேறு ஒரு சிக்கல் இருந்தது. அனலாக் கேபிளில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது என்று கேபிள்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. நூறு வீட்டுக்கு ஒயர் இழுத்தவர் இருபது வீடு என்று கணக்குக் கொடுத்தால், சேனல்காரருக்கும் இருபதுக்குத்தான் பணம், வரியும் இருபதுக்குத்தான். மறுபக்கம், ஒயரில் நூறு சேனல் அளவுக்குத்தான் இடம் என்பதால், நல்ல இடத்தில் வருவதற்குச் சேனல்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பெட்டிகளில் மேல் அலைவரிசைகள் எடுக்காது. அங்கே தள்ளப்பட்ட சேனல் பல வீடுகளில் இல்லாத சேனல்தான்.

செட் டாப் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சிக்னல் பூட்டப்பட்டு வரும். எந்த எண்ணுள்ள பெட்டிக்கு எந்தச் சேனலைத் திறக்கலாம் என்ற கட்டளையும் அதே ஒயரில் வரும். ஆக, பெட்டியை எண்ணினால் வீட்டை எண்ணியதாகும். 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கேஸ் என்ற முறை வந்தது நினைவிருக்கிறதா? அதில் கட்டணச் சேனல் வேண்டுபவருக்கு மட்டும் பெட்டி, இலவசச் சேனல்கள் பழையபடி நேராக வரும். எல்லா வீட்டையும் எண்ணுவதற்கு அது போதவில்லை. 2011ல் திருத்தப்பட்ட கேபிள் டிவி சட்டம் எல்லாச் சேனலையும் பெட்டி வழியாகத்தான் தர வேண்டும் என்றது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, மற்ற நகரப் பகுதிகளுக்கு 2015 இறுதி, மீதி எல்லா ஊருக்கும் 2017 மார்ச் 31 என்று கெடு. வழக்குகளால் சென்னையிலும் வேறு பல இடங்களிலும் இது இழுத்துக்கொண்டே போனது. 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017 ஏப்ரலில்தான். அதே செப்டம்பரில் இலவச செட் டாப் பாக்ஸ் வழங்க ஆரம்பித்தார்கள்.

எண்ண முடிந்தால் விலை போடவும் முடியும். 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் கொண்டுவந்த முறையில், நூறு சேனல் வருவதற்கான அடிப்படைக் கட்டணத்துக்கு அப்போது 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை தனி. 70 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டிய சேனலை மட்டும் எடுக்கும் உரிமை வந்தது உண்மை. ஆனால் முன்பு ஒரே இணைப்பில் ஸ்ப்ளிட்டர் போட்டு ஹாலிலும் பெட்ரூமிலும் இரண்டு டிவி ஓடியது. இப்போது இரண்டாவது டிவிக்கு இரண்டாவது பெட்டி. எளிய வீடுகளில் இது சின்னச் செலவு அல்ல. படத் தெளிவைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களும் சத்தமில்லாமல் படிப்படியாக மூடப்பட்டன. முக்கிய இடங்களில் உள்ள சுமார் ஐம்பதைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31க்குள் மூடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி நிற்கும் பழைய ஆண்டெனாவுக்கு இனி காக்கைதான்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை

படம் உடைந்தால் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறக்கவும். பெரும்பாலான பாக்ஸ்களில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று சிக்னலின் வலிமை, இன்னொன்று தரம். வலிமை நன்றாக இருந்து தரம் குறைவாக இருந்தால் பூஸ்டர் வாங்காதீர்கள். பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒயர் முனையில் உள்ள பித்தளைக் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா, வெளியே இணைப்பில் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். எங்காவது பழைய ஸ்ப்ளிட்டர் மாட்டியபடியே இருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சிக்னலையே தரும். டிடிஎச் வைத்திருந்தால் பலத்த மழையில் சிறிது நேரம் நிற்பது இயல்பு. மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சிவிடும், ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை.

முகங்கள் அகலமாகத் தெரிந்தால் பாக்ஸின் மெனுவில் படத்தின் விகிதம் 16:9, 4:3 இரண்டில் எதில் இருக்கிறது என்று சரிபார்க்கவும். பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். அந்த மஞ்சள் ஒயரில் போவது பழைய அனலாக் படம்தான். டிஜிட்டலாக வந்ததை மறுபடி அனலாக்காக மாற்றி டிவிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டரில் டிவி பார்க்க நம்மில் பலர் வாங்கிய டிவி ட்யூனர் கார்டு என்ன ஆயிற்று? என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன் ட்யூனருக்கு இனி வேலை இல்லை, தேடினால் ஒரு சேனலும் சிக்காது. ஆனால் அதில் உள்ள வீடியோ இன்புட் இன்றும் வேலை செய்யும். பழைய விசிஆர் ஓடும் நிலையில் இருந்தால், கல்யாணக் கேசட்டை அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரலாம். கார்டுக்கான ஸ்லாட் புது மதர்போர்டில் இல்லையென்றால் யுஎஸ்பி கேப்சர் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். பதியும்போது சுருக்காமல் பதியும் வசதியைத் தேர்வு செய்தால், மேலே போட்ட கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி ஆகும். எம்பெக் முறையில் 4 மெகாபிட் என்று வைத்தால் 1.8 ஜிபி போதும். கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டவும். இல்லாவிட்டால் விசிஆரின் ஹெட்டும் அழுக்காகிவிடும்.